தரவையில சாணி காஞ்சு கிடக்கு, வண்டெல்லாம் எங்க போச்சு?

வெட்டைமாடு:
வணக்கம் எல்லாருக்கும், தம்பலகாமத்தில இருந்து எழுதுறன். சிறுபோக வெட்டு முடியிற வரைக்கும் எங்கட மாடு முழுக்க காட்டோரத் தரவையிலதான், அதான் மேய்ச்சல் வெளியில, நிக்கும். கேள்வி சாணியைப் பத்தி. சித்திரையில போட்ட சாணி ஆவணியாகியும் அப்பிடியே கிடக்கு, சாம்பல் நிறமாகி, செருப்புக் காலால தட்டினா டக்கெண்டு சத்தம் வருது. அதைச் சுத்தி இருக்கிற புல்லில ஒரு மாடும் வாய் வைக்குதில்ல, மற்ற இடமெல்லாம் மொட்டையா மேஞ்சு முடிஞ்சுது. அப்பா சொல்றார் அந்தக் காலத்தில பின்னேரம் போட்ட சாணி விடியப் பாத்தா வெறும் தும்பாத்தான் கிடக்குமாம், வண்டு வந்து மிச்சத்த மண்ணுக்க இழுத்திடுமாம். இப்ப அந்த வண்டு எங்க போச்சு? இலையான் (ஈ) மட்டும் குறைவில்ல, மாட்டிட கண்ணில மொய்க்கிறத பாக்கேலாம கிடக்கு.

மூதூர்ப்பொடியன்:
வண்டுக்கு விசா கிடைச்சிருக்கும் அண்ணே, ஆஸ்திரேலியா போட்டுது 😂

பேர்த்மாமா:
தம்பி நீ பகிடிக்குச் சொன்னாலும் விசயம் உண்மைதான், இஞ்ச சாணி வண்டு விசா எடுத்து வந்ததுதான். நான் திருக்கோணமலை டவுன்ல பிறந்து வளந்தவன், இப்ப கனகாலம் பேர்த்தில. வந்த புதுசில கோடை தொடங்கேக்க வெளியில வாயைத் திறந்து கதைக்கேலாது, இலையான் உள்ள போயிடும். சனம் கையை முகத்துக்கு முன்னால ஆட்டிக்கொண்டே நடக்குங்கள், அதுக்கு இஞ்சத்த ஆக்கள் ஆஸ்திரேலியன் சல்யூட் எண்டு பேரே வச்சிருக்கினம். காரணம் மாட்டுச் சாணி. 1788ல வெள்ளைக்காரன் மாட்டைக் கொண்டுவந்து இறக்கினான், ஆனா இந்த நாட்டு வண்டுகள் கங்காரு போடுற காய்ஞ்ச சின்னப் புழுக்கையோட பழகினது, ஈரமா பெருசா விழுற மாட்டுச் சாணிய அதுகள் பெருசா கணக்கெடுக்கேல்ல. சாணி மாசக்கணக்கா கிடந்து, புல்லு செத்து, இலையான் பெருகி ஒரே கரைச்சல்.

பிறகு ஹங்கேரியில இருந்து வந்த ஜோர்ஜ் போர்னெமிசா எண்ட பூச்சி விஞ்ஞானி 1951ல இஞ்ச வந்து தரவையப் பாத்திட்டு, எங்கட ஊரில சாணி இப்பிடிக் கிடக்காதே எண்டு யோசிச்சிருக்கிறார். அவற்ற கதையிலதான் அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம், சிஎஸ்ஐஆர்ஓ, 1965ல இருந்து 85 வரைக்கும் ஆபிரிக்கா ஐரோப்பா எல்லாம் தேடி வண்டு கொண்டுவந்தது. உயிர் வண்டைக் கொண்டுவந்தா மாட்டு வருத்தமும் சேந்து வந்திடும் எண்டு முட்டையை மட்டும் எடுத்து, மருந்துத் தண்ணியில கழுவி, இஞ்ச கொண்டுவந்து கையால உருட்டின சாணி உருண்டைக்குள்ள வச்சுப் பொரிக்க வச்சவை. அந்தப் பொறுமை எனக்கில்ல. 43 இனம் விட்டதில 23 நிலைச்சுது. அதில ஒண்டு 1968ல குயின்ஸ்லாந்தில விட்டது, வடக்கால பெரிய வேகத்தில பரவிட்டுது.

மூதூர்ப்பொடியன்:
ஐயோ மாமா நான் சும்மா சொன்னன்

கிண்ணியாநானா:
அஸ்ஸலாமு அலைக்கும். நல்ல கதை மாமா, ஆனா எங்கட நாட்டுக்கு வண்டு இறக்குமதி பண்ண வேணுமா எண்டு யாரும் கிளம்பிடாதீங்க. இஞ்ச எருமை, மாடு, மான், யானை எல்லாம் எத்தினையோ காலமா இருக்கு, அதுக்குத் தக்க வண்டும் இருக்கு. எங்கட எருமைப் பட்டி மகாவலி இறங்கிற வில்லுப் (வெள்ளம் தேங்கிற புல்வெளி) பக்கம்தான் நிக்குது. மாரி தொடங்கி முதல் மழை பேஞ்ச அண்டைக்கு மஃரிபுக்குப் பிறகு போய்ப் பாருங்க, சாணி போட்டு ஒரு பீடி பத்தி முடியிறதுக்குள்ள வண்டு வந்து விழுற சத்தம் கேக்கும். எருமைச் சாணி தண்ணித் தன்மை கூட, அதில இன்னும் கூட விழும். வெட்டைமாடு தம்பி பாக்கிறது கோடையில, அதான் காணல்ல.

வெட்டைமாடு:
நானா அப்ப கோடையில அது எங்க போகுது? செத்துப் போகுதா?

பூச்சிக்கிறுக்கி:
இதுக்கு நான் வாறன், விலங்கியல் படிச்சிட்டு இப்ப உப்புவெளியில பிள்ளைகளுக்கு டியூசன் குடுத்துக்கொண்டிருக்கிறன், இந்தப் பூச்சிப் பைத்தியம் மட்டும் விட்டுப் போகேல்ல. கொஞ்சம் நீட்டாத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்க.

வளந்த வண்டு சாணிய கடிச்சுத் தின்னுறதில்ல. அதிட வாய் மென்மையானது, சாணியில இருக்கிற சாறையும் அதில மிதக்கிற பக்டீரியா, நொதிச்ச சின்னச் சின்னத் துகளையும் வடிச்சு உறிஞ்சத்தான் சரிவரும். கோடையில வாற காஞ்ச கச்சான் காத்தடிக்கிற நேரம், வெயிலும் சேந்தா, காலையில விழுந்த சாணி மத்தியானத்துக்குள்ள மேல பொரிச்ச அப்பளம் மாதிரி இறுகிடும். வாசமும் நிண்டிடும், வாசத்த வச்சுத்தான் வண்டு காத்துக்கு எதிராப் பறந்து தேடி வாறது. ஆக சாணி கிடந்தாலும் வண்டுக்கு அது சாப்பாடே இல்ல. அதோட தம்பலகாமத்துக் களிமண் ஆவணியில எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, அலவாங்கு போட்டாலும் இறங்காது, ஒரு விரல் நகத்தளவு வண்டு எப்பிடித் தோண்டும்.

அப்ப வண்டு எங்க எண்டா, கன இனம் மண்ணுக்க. சாணிய மண்ணுக்கு கீழ கொண்டுபோய் உருண்டையாக்கி, ஒரு உருண்டைக்கு ஒரு முட்டை வச்சு மூடிவிடும். புழு உள்ளுக்கிருந்தே உருண்டையை மெண்டு தின்னும். புழுவுக்கு பல்லு இருக்கு, தும்பு நாரெல்லாம் கடிக்கும், தான் கழிச்சதையே திரும்பவும் தின்னும், அப்பத்தான் நாரில இருந்து சத்து எடுக்கேலும். பிறகு கூட்டுப்புழுவாகி வண்டாகி, மேல மண் இறுகிக் கிடந்தா அப்பிடியே காத்திருக்கும். மழை பேஞ்சு மண் இளகினாத்தான் வெளியில வரும். கிண்ணியாநானா சொன்ன முதல் மழைக் கூட்டம் அதுதான்.

சாம்பல்தீவான்:
அக்கா நீங்க சொல்றது அந்தத் தென்னை வண்டுதானே? எருக்கும்பியத் தோண்டேக்க பெருவிரல் தடிப்பில வெள்ளைப் புழு சுருண்டு சுருண்டு வருகுது, நான் கண்டா விடுறதில்ல, நசுக்கித்தான். மழை நேரம் கேற் லைட்டுக்கு வாற கறுப்பு வண்டையும் அடிச்சுத்தான் போடுறன். எட்டுத் தென்னைக் குருத்து போச்சு எனக்கு.

பூச்சிக்கிறுக்கி:
இல்லவே இல்ல, நல்ல காலம் கேட்டீங்க. எருக்கும்பியில, உக்கின தென்னங்குத்தியில இருக்கிறது காண்டாமிருக வண்டிட புழு, அது குருத்தைத் துளைக்கிற சாமான், அத நசுக்குங்க, கும்பியை அடிக்கடி கிளறிவிடுங்க. ஆனா லைட்டுக்கு வாறதெல்லாம் அதில்ல. கையில எடுத்துப் பாருங்க. தென்னை வண்டு கிட்டத்தட்ட பெருவிரலளவு வரும், வயித்துப் பக்கம் செம்பட்டை மயிர் இருக்கும். சாணி வண்டிட தலை முன்னால தட்டையா, விளிம்பு அரைவட்டமா இருக்கும், அதாலதான் தோண்டுறது, முன்னங்கால் அகலமா பல்லுப் பல்லா இருக்கும். சில இனத்தில ஆணுக்குக் கொம்பும் உண்டு, அதால கொம்பை மட்டும் பாத்து முடிவெடுக்கப்படாது. சாணி வண்டு குருத்தையும் வேரையும் தொடாது, தொடுறதுக்கு வாயே இல்ல.

சாம்பல்தீவான்:
தலையைப் பாக்கிறன் இனி. ஆனா குருத்துப் போனதுக்கு ஆர் பதில் சொல்றது 😤

குச்சவெளிக்காத்து:
எங்கட பக்கம் மணல்நிலம், புல்மோட்டை வரைக்கும் அப்பிடித்தான். இஞ்ச கோடையிலயும் ஒரு நாளைக்கு சாணி கொஞ்சம் கரையிறத கண்டிருக்கிறன். சாணிய புரட்டினா கீழ பென்சில் தடிப்பில ஓட்டை, ஓட்டைக்குப் பக்கத்தில புது ஈர மண் குவிஞ்சு கிடக்கும், மேல மணல் வெள்ளை, குவியல் மஞ்சள். ஆனா உருட்டிக்கொண்டு போற வண்டை நான் கண்டது குறைவு. டீவியில காட்டுறதெல்லாம் உருட்டுதே?

பூச்சிக்கிறுக்கி:
டீவிக்கு உருட்டுறதுதான் வடிவு. மூண்டு வகை இருக்கு. சிலது உருட்டிக்கொண்டு தூரப் போய் புதைக்கும், சிலது சாணிக்குள்ளயே இருந்து குடும்பம் நடத்தும், பெரும்பாலானது சாணிக்கு நேர கீழ கிணறு தோண்டி இழுத்துக்கொண்டு போகும். ஒந்தோபேகஸ் எண்ட பேரினத்தில மட்டும் உலகத்தில 2000 இனத்துக்கு மேல, அதுகள் கூடுதலா தோண்டுற ஆக்கள்தான், நீங்க கண்ட ஓட்டை அவையிட வேலையா இருக்கும். ஒருக்கா அந்த ஓட்டையோட பக்கத்தால மண்வெட்டியால மெதுவா வெட்டிப் பாருங்க. ஒரு சாண் ஒண்டரைச் சாண் கீழ சாணி திணிச்ச குழாய் தெரியும், அதில விரல் நுனியளவு கட்டி கட்டியா அடைச்சிருக்கும். ஒரு கட்டியப் பிரிச்சா ஒரு மூலையில சின்ன இடைவெளி விட்டு ஒரு முட்டை, அரிசியிட பாதிகூட வராது. பாத்திட்டு மூடிவிடுங்க.

அந்தக் குழாய்தான் மாட்டுக்காரருக்கு லாபம். சாணி மேல கிடந்து காஞ்சா அதில இருக்கிற நைதரசனில பெரிய பங்கு அமோனியாவாகி காத்தோட போயிடும், மூக்கில அடிக்கிறது அதுதான். கீழ போனா புல்லிட வேருக்குப் போகும். மாரி மழை அந்த ஓட்டை வழியா கீழயும் இறங்கும், மேலால ஓடிப்போறது குறையும்.

வெட்டைமாடு:
அக்கா அப்ப எங்கட கோடைச் சாணி ஆராலயும் தொடப்படாமத்தான் கிடக்கப்போகுதா?

பூச்சிக்கிறுக்கி:
கறையான் இருக்கே. காஞ்ச சாணியில ஒண்டைத் தூக்கிப் பாருங்க, அடியில மண்பூச்சு பூசி உள்ள கோறையாக்கியிருக்கும், மேல தோல் மட்டும் நிக்கும். ஆபிரிக்கச் சவானா ஆய்வுகளில கோடையில ஒரு மாசத்துக்குள்ள விழுந்த சாணியில மூண்டில ஒரு பங்கு வரைக்கும் கறையான் எடுத்ததாச் சொல்றாங்க. வண்டு மழைக்கு, கறையான் வெயிலுக்கு. கறையான் எண்டா வீட்டுக் கதவை நினைச்சு எங்களுக்குக் கோபம் வருகுது, தரவையில அதைப் புற்றோட இடிக்காம விட்டாலே போதும்.

கிண்ணியாநானா:
2021ல ரசாயன உரத்தடை வந்த நேரம் ஞாபகம் இருக்கா? மாட்டெருவுக்கு அடிபிடி. லொறி லொறியா வந்து பட்டியையும் தரவையையும் வழிச்சு ஏத்திக்கொண்டு போனாங்க, கறையான் பிடிச்ச சாணியையும் மூட்டையில கட்டினாங்க. அதுக்குப் பிறகு ரெண்டு மாரி எங்கட தரவையில புல்லு சோம்பிக்கொண்டுதான் வந்திச்சு. அதுதான் காரணம் எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன், மழையும் அந்த நேரம் சரியில்ல. ஆனா பட்டியில இரவு சேருற சாணிய விக்கலாம், தரவையில விழுந்தத வழிக்க விடுறல்ல எண்டு இப்ப முடிவா இருக்கிறம்.

சலங்கைச்சத்தம்:
நான் கால்நடைப் பக்கம் வேலை செய்யிற ஆள், பேர் வேண்டாம். இவ்வளவு நேரமா ஒருத்தரும் ஊசியைப் பத்திக் கதைக்கேல்ல. வெட்டைமாடு, உங்கட மாட்டுக்கு ஐவர்மெக்டின் போடுறீங்களா, எப்ப போடுறீங்க?

வெட்டைமாடு:
போடுறம்தானே. வருசா வருசம் ஐப்பசியில, மழைக்கு முதல் எல்லா மாட்டுக்கும் ஒரே நாளில. டவுன்ல ஒரு கடையில வாங்கி நாங்களே போடுறது, உண்ணியும் போகும் புழுவும் போகும் எண்டு கடைக்காரர் சொன்னவர்.

சலங்கைச்சத்தம்:
அதுதான். உங்கட அப்பா சொன்ன வண்டு எங்க எண்டு கேட்டீங்க, பாதி விடை அதில கிடக்கு.

ஐவர்மெக்டின் நல்ல மருந்து, அதைக் கண்டுபிடிச்சதுக்கு சடோஷி ஓமுராவுக்கும் வில்லியம் காம்பெல்லுக்கும் 2015ல நோபல் பரிசே குடுத்தாங்க, மனிசருக்கு ஆத்துக்குருடு எண்ட, புழுவால கண் போற நோயைத் தடுக்கிறதும் இதாலதான். ஆனா மாட்டுக்குப் போட்டா பெரும்பகுதி சாணியோடதான் வெளியில வரும், அதுவும் மருந்தாகவே வரும். ஊசி போட்டு சில கிழமைக்கு அந்தச் சாணியில வண்டுப் புழு பிழைக்காது. வளந்த வண்டு சாகாட்டியும் மந்தமாகும். நீங்க போடுறது ஐப்பசியில, எல்லா மாட்டுக்கும் ஒரே நாளில. மண்ணுக்க கோடை முழுக்கக் காத்திருந்த வண்டு முதல் மழைக்கு வெளியில வந்து முட்டை வைக்கத் தேடுற சாணி முழுக்க மருந்து. வருசா வருசம் அப்பிடி நடந்தா என்ன மிஞ்சும்?

இன்னொண்டு, பால் கறக்கிற மாட்டுக்கு அது போடப்படாது, போத்தலிலயே எழுதியிருக்கும். தயிருக்குப் பால் குடுக்கிற பட்டியில கடைக்காரர் சொல்லிப் போட்டா ஆர் சாப்பிடுறது எண்டு யோசிக்க வேணும்.

கிண்ணியாநானா:
அல்லாஹ்... போத்தல்ல இருக்கிற சின்ன எழுத்தை ஆர் வாசிக்கிறது. சரி, ஆனா மழை நேரம்தான் புழுவும் கூட. எருமைக் கண்டுக்கு பிறந்து கொஞ்ச நாளில புழு வந்து வயிறு ஊதி சாகுது, அதுக்கு மருந்து குடுக்காம இருக்கேலுமா?

சலங்கைச்சத்தம்:
குடுக்கத்தான் வேணும் நானா, அது வேற புழு, தாயிட பாலால கண்டுக்கு வாறது, அதுக்கு பைரன்ரல் வகை வாய்மருந்தே போதும், ஐவர்மெக்டின் தேவையில்ல. பெரிய மாட்டுக்கும் லெவமிசோல், அல்பெண்டசோல் வகைப் புழுமருந்து வண்டுக்குப் பெரிசா தீங்கில்ல. அளவும், சினை மாட்டுக்கு எது ஆகாது எண்டதும் வைத்தியரிட்டத்தான் கேக்கணும், அல்பெண்டசோல் சினை தொடங்கின புதுசில குடுக்கப்படாது. சாணி மாதிரியைக் கொண்டுபோய் முட்டை எண்ணிப் பாக்கச் சொல்லுங்க, எலும்பும் தோலுமா நிக்கிற நாலு மாட்டுக்காக கொழுத்த மாடு எல்லாத்துக்கும் குத்தத் தேவையில்ல. எல்லாத்துக்கும் குத்தினா புழுவுக்கும் மருந்து பழகிடும்.

உண்ணிக்கு ஐவர்மெக்டின் போட்டே ஆகணும் எண்டா வைத்தியர் சொல்லுறத வச்சு கடுங்கோடையில போடுங்க, வண்டு மண்ணுக்க இருக்கிற நேரம். அதிலயும் ஒரு பகுதி மாட்டை விட்டுப் போடுங்க.

மூதூர்ப்பொடியன்:
வண்டு இருந்தா வயித்துப் புழுவும் குறையுமா அண்ணே? அப்ப ஊசியே வேண்டாமே

பூச்சிக்கிறுக்கி:
அவ்வளவு லேசில்ல தம்பி. சாணி கெதியா சிதறிக் காஞ்சா புழு முட்டை பொரிச்சு புல்லில ஏறுறது குறையும். ஆனா அடைமழை நேரம் வண்டு சாணிய இளக்கி காத்துப் போக விட்டா சிலவேளை அதுகளுக்கு வசதியாயும் போகும். இலையான் விசயத்தில ஆதாயம் தெளிவு. இலையான் முட்டை ஒரு நாளுக்குள்ள பொரிச்சிடும், ஒரு கிழமை பத்து நாளில அடுத்த இலையான். அதுக்குள்ள வண்டு சாணியக் காலி பண்ணிட்டா புழுவுக்கு இருக்க இடமில்ல. வண்டைப் பிரட்டிப் பாத்தீங்க எண்டா வயித்துப் பக்கம் பழுப்பு நிறத்தில சின்னச் சின்ன உண்ணி ஒட்டிக்கொண்டிருக்கும், மாட்டில இரத்தம் குடிக்கிற உண்ணி இல்ல, இது வேற. சனம் அதைக் கண்டு அருவருக்கும், ஆனா அது வண்டைக் கடிக்கிறதில்ல, சவாரி மட்டும்தான். புதுச் சாணியில இறங்கினதும் இலையான் முட்டையைத்தான் தேடித் தின்னும். எனக்கு இந்த முழு விசயத்திலயும் ஆகப் பிடிச்சது அந்த உண்ணிதான், உண்மையைச் சொன்னா.

பேர்த்மாமா:
இஞ்ச 23 இனம் நிலைச்சும் வசந்தகாலத்தில இன்னும் இலையான் வருகுது தெரியுமே? தெற்குப் பக்கம் அந்த ரெண்டு மூண்டு மாசம் வேலை செய்யிற வண்டு போதாது, அதுக்காகத்தான் பிறகும் ஐரோப்பாவில இருந்து ரெண்டு இனம் கொண்டுவந்து விட்டவை. பிள்ளை சொன்ன மாதிரி இலையான் வாற நேரமும் வண்டு வாற நேரமும் ஒண்டாக வேணும், இல்லாட்டி எத்தினை வண்டு இருந்தும் வேலையில்ல.

குச்சவெளிக்காத்து:
ஒரு துண்டுச் செய்தி. ஆபிரிக்காவில ஒரு உருட்டி வண்டு பால்வீதியப் பாத்து நேர்கோட்டில போகுதாம், சுவீடன்காரி ஒருத்தி, மரி டாக்கே, வண்டுக்கு அட்டைத் தொப்பி போட்டுப் பாத்தவா, தொப்பி போட்டா வண்டு சுத்திச் சுத்தி அலையுதாம். 2013ல வந்த ஆய்வு, அதுக்கு இக்நோபல் பரிசும், அதான் சிரிக்க வச்சு யோசிக்க வைக்கிற ஆய்வுக்குக் குடுக்கிற பகிடிப் பரிசு, கிடைச்சுது.

மூதூர்ப்பொடியன்:
வண்டுக்குத் தொப்பி 😂😂 எங்களுக்கு பால்வீதி தெரியிறதே கறண்ட் கட்டில மட்டும்

சாம்பல்தீவான்:
கோட்டைக்குள்ள திரியிற மானுகளிட புழுக்கைக்கும் வண்டு வருமா? கோணேசர் கோயிலுக்குப் போற வழியில நிறையக் கிடக்கு.

பூச்சிக்கிறுக்கி:
வரும், சின்ன இனங்கள், நெல்லு மணியளவு. புழுக்கையோட ஈரம் இருக்கிற நேரம் அதிகாலையில பாருங்க. றோட்டில விழுந்தா ஒண்டும் செய்யேலாது, தாருக்குள்ள தோண்டேலாதே. மான் பொலித்தீன் தின்னுறது வேற ஒரு கவலை, அதை இதில கிளறவேண்டாம்.

வெட்டைமாடு:
எல்லாருக்கும் நன்றி. அப்பாட்ட ஊசிக் கதையச் சொன்னன், மனிசன் கொஞ்ச நேரம் கதைக்கேல்ல, பிறகு ஐப்பசி ஊசியை நிப்பாட்டு, சாணியக் கொண்டுபோய்க் காட்டிப் பாப்பம் எண்டார். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும். எங்கட தரவையில வண்டு முழுக்க முடிஞ்சிருந்தா திரும்ப வருமா, இல்ல நானாட பட்டியில இருந்து ரெண்டு வாளி சாணியோட அள்ளிக்கொண்டு வரவா?

சலங்கைச்சத்தம்:
சாணி கொண்டுவராதீங்க, நானாட மாட்டுப் புழுவும் உங்களிட்ட வந்திடும். ஆஸ்திரேலியாக்காரன் முட்டையைக் கழுவினது அந்தப் பயத்திலதான். வண்டு பறக்கும், காட்டில யானையும் மானும் இருக்கிற இடத்தில அது அடியோட அழியாது. உங்கட பக்கம் காட்டோரம்தானே. முதல் மழைக்குப் பிறகு மருந்து போடாத மாட்டிட புதுச்சாணியில ஒண்டுக்குப் பக்கத்தில தடி ஊண்டி, அடுத்த நாள் விடியப் புரட்டிப் பாருங்க. ஓட்டை இருந்தா வந்திட்டுது.

கிண்ணியாநானா:
வேணுமெண்டா தயிர்ச்சட்டி கொண்டு போ தம்பி, சாணி தரமாட்டன்.

வெட்டைமாடு:
சட்டி ரெண்டு எடுத்து வைங்க நானா, சனிக்கிழமை வாறன். கார்த்திகையில தடி ஊண்டினாப் பிறகு படம் போடுறன்.